குழந்தைகளுக்கு உயிருள்ள பாம்பைக் காட்டப் போகிறீர்களா? முதல் நிகழ்ச்சிக்கு ஒரு வழிகாட்டி

பாம்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் நொடியில் குழந்தைகளில் பாதிப் பேர் பாம்பைப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் டீச்சரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். டீச்சர் ‘ஐயோ’ என்று ஓரடி பின்வாங்கினால் போதும். அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும் எடுபடாது.

இது ஏன் என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 1980-களில் உளவியலாளர் சூசன் மினேக்காவும் அவருடைய சகாக்களும் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளைக் கவனித்தார்கள். பாம்பையே பார்த்திராத அந்தக் குரங்குகள் பாம்பைக் கண்டு பெரிதாகப் பயப்படவில்லை. இன்னொரு குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதைப் பார்த்த பிறகு அவற்றுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அலறும் குரங்கின் காணொளியில் பாம்புக்குப் பதிலாகப் பூவை ஒட்டிக் காட்டியபோது பூவின் மேல் பயம் வரவில்லை. எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதிதான். பாம்பின் அருகே அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்துப் பழகியிருந்தால், பிறகு அலறும் குரங்கைப் பார்த்தாலும் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பயம் ஒட்டவில்லை.

அந்த அமைதியான குரங்கு நீங்கள்தான். கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த வேலையை ஒழுங்காகச் செய்வதற்காகத்தான்.

எந்தப் பாம்பு

விஷமுள்ள பாம்பு வேண்டாம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தாலும், குழந்தைகள் இருக்கும் அறைக்குள் அது வரக் கூடாது. பல் பிடுங்கிய பாம்பு, வாய் தைத்த பாம்பு, விஷப்பை அகற்றிய பாம்பு ஆகியவையும் அப்படியே. பிடுங்கிய விஷப்பல் மறுபடி முளைக்கும். வாய் தைத்த பாம்பு பட்டினியிலும் புண்ணிலும் சாகும். கொடுமையும் ஆபத்தும் சேர்ந்த ஒன்றைக் காட்டி இயற்கை மேல் அன்பு கற்பிக்க முடியாது.

காட்டிலோ தோட்டத்திலோ பிடித்த பாம்பும் வேண்டாம், அது விஷமில்லாதது என்று உறுதியாகத் தெரிந்தாலும் கூட. மனிதக் கை அதற்குப் புதிது. இருபது குழந்தைகளின் சத்தமும் அதிர்வும் அதற்கு உயிர்ப் போராட்டம். சட்டமும் குறுக்கே நிற்கும். இந்தியா உள்பட எத்தனையோ நாடுகளில் காட்டுப் பாம்பை அனுமதியில்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதுமே குற்றம். வளர்ப்புப் பாம்புக்குக்கூடச் சில இடங்களில் பதிவு, உரிமம் எல்லாம் தேவைப்படும். உங்கள் ஊர் வனத்துறையிடமோ வனவிலங்கு அலுவலகத்திடமோ எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் இடம் தராவிட்டால், அனுமதியுள்ள உயிரியல் பூங்காவுக்கோ பாம்புப் பண்ணைக்கோ குழந்தைகளைக் கூட்டிப் போவதுதான் வழி. அங்கேயும் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உதவும்.

சரி, வளர்ப்பில் பிறந்து கைப்பழக்கம் உள்ளவற்றில் எது நல்லது? உலகெங்கும் இந்த வேலைக்கு அதிகம் வருபவை இரண்டு. ஒன்று வட அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக் (corn snake), மற்றது ஆப்பிரிக்காவின் பால் பைதான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பு. கார்ன் ஸ்நேக் மெலிந்தது, பளிச்சென்று ஆரஞ்சு நிறம், சும்மா இருக்காது. ஊர்வதைக் காட்ட அதை மிஞ்ச ஆளில்லை. பால் பைதான் தடித்தது, மந்தமானது, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். தொட்டுப் பார்க்க என் தேர்வு பால் பைதான்தான். ஓர் இடத்தில் நிற்கும், குழந்தையின் விரல் வருவதற்குள் நழுவிப் போய்விடாது. விஷமில்லாத கிங் ஸ்நேக்கும் (king snake, ராஜநாகம் அல்ல) சாதுதான், ஆனால் தீனி விஷயத்தில் அவசரக்காரன். கையில் எலி வாசனை லேசாக இருந்தாலும் விரலைக் கவ்விப் பார்க்கும். முதல் நிகழ்ச்சிக்கு அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

குட்டிப் பாம்புதானே குழந்தைகளுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். குட்டிக்குக் கண்ணில் படுவதெல்லாம் தன்னைத் தின்ன வரும் விலங்கு, அதனால் எடுத்த எடுப்பில் கடிக்கும். மூன்று, நான்கு அடி வளர்ந்த, மாதக்கணக்கில் உங்கள் கையில் பழகிய பாம்பையே கொண்டு போங்கள். எட்டு அடிக்கு மேல் போகும் மலைப்பாம்பு இனங்களும் வேண்டாம். அவற்றைப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரின் கவனமும் பாம்பின் மேலேயே போய்விடும்.

நல்ல பாம்புக்கும் ஆகாத நாட்கள் உண்டு. இரை தின்று குறைந்தது இரண்டு நாள் ஆகாமல் எடுக்காதீர்கள், கக்கிவிடும். சட்டை உரிப்பதற்கு முன் கண் பால் கலந்தாற்போல் நீலமாக மங்கும். அப்போது அதற்குச் சரியாகப் பார்வை தெரியாது, எரிச்சலாகவும் இருக்கும். அந்த வாரம் அதற்கு விடுமுறை. இதனால்தான் எப்போதும் இரண்டு பாம்பாவது கைவசம் இருக்க வேண்டும் என்கிறேன். நிகழ்ச்சியின்போதும் ஒரு பாம்பு பதினைந்து, இருபது நிமிடம் கையில் இருந்தால் போதும், அப்புறம் அடுத்தது.

பெற்றோர் அனுமதி

வாய்மொழி போதாது. எந்த வகைப் பாம்பு வருகிறது என்று எழுத்தில் சொல்லி, குழந்தை அதைத் தொடலாமா, படம் எடுக்கலாமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஊர்வன எல்லாமே ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தொடக் கூடாது என்பது மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை. அவர்கள் பார்க்கலாம், பேசலாம், கேள்வி கேட்கலாம். தொடுவது மட்டும் இல்லை. வாசலில் வந்து நின்ற பிறகு ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், அதனால் முன்கூட்டியே வீட்டிலேயே சொல்லி அனுப்பச் சொல்லுங்கள்.

பயணம்

அடர்த்தியான பருத்தித் துணிப் பை, அதன் வாயில் இறுக்கமான முடிச்சு, அந்தப் பையை வைக்கக் காற்றுத் துளையுள்ள பூட்டும் பெட்டி. துணியை உட்புறம் வெளியே திருப்பிப் பாருங்கள். பிரிந்த நூல் செதிலிலோ பல்லிலோ மாட்டும். முடிச்சுப் போடும் முன் பாம்பு முழுவதும் கீழே இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், வால் நுனி முடிச்சில் மாட்டுவது அடிக்கடி நடப்பது. பெட்டி மேல் பாம்பின் பெயர், ‘விஷமற்றது’ என்ற வார்த்தை, உங்கள் தொலைபேசி எண்.

வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பாம்பை ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். பாம்புக்கு வியர்க்காது. சூட்டிலிருந்து நகர்ந்து போவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வழி, பைக்குள் அதுவும் முடியாது.

அறை, அதில் உள்ள பெரியவர்கள்

குழந்தைகள் தரையில் லாட வடிவில் உட்காரட்டும். திறந்த பக்கத்தில் சுவரை ஒட்டி நீங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அங்கிருந்து ஒரு கை நீண்டால் உங்களுக்குத் தெரியாது. மேசை, நாற்காலி வேண்டாம்: குழந்தை பயந்து நாற்காலியைத் தள்ளினால் அந்தச் சத்தமே மற்றவர்களைக் கிளப்பிவிடும். கதவின் அடி இடுக்கை ஒரு துண்டால் அடையுங்கள். பூனை, நாய் இருந்தால் வேறு அறைக்கு.

கையாள்பவர் ஒருவர், பேசுபவர் ஒருவர் என்று இரண்டு பேராகப் போங்கள். பாம்பையும் பார்த்துக்கொண்டு, பின்வரிசையில் யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்றும் பார்ப்பது ஒருவரால் ஆகாத காரியம். கூட்டம் இருபது பேரைத் தாண்டினால் இரண்டு அமர்வாகப் பிரியுங்கள். பள்ளிக்காரர்கள் ‘எல்லாரையும் ஒரே தடவையில் ஹாலில் உட்கார வைத்துவிடுகிறோம்’ என்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் பெரியவர்களைத் தனியாக நிறுத்திப் பேசுங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், ஆனால் அன்றைய நாளின் தலையெழுத்தே இங்கேதான். மூன்று விஷயம் சொன்னால் போதும். பயமாக இருந்தால் வெளியே போகலாம், யாரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை. அறையில் இருந்தால் சத்தமும் முகச்சுளிப்பும் கூடாது. குழந்தை தொட மறுத்தால் ‘பயந்தாங்கொள்ளி’, ‘பாரு, உன் தம்பியே தொடுறான்’ என்ற மாதிரிப் பேச்சு கூடவே கூடாது. பின்னாலிருந்து முதுகில் கிள்ளி ‘பாம்பு!’ என்று கத்தும் மாமா ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை முன்பே கண்டுபிடித்து, காமிராவைக் கையில் கொடுத்து வேலையில் போட்டுவிடுங்கள்.

பாம்பு வருவதற்கு முன்

உள்ளே போனதும் பாம்பைக் காட்டாதீர்கள். பெட்டி மூடியபடியே இருக்கட்டும். முதலில் சட்டையைச் சுற்றுக்கு விடுங்கள்.

பாம்புச் சட்டை ஓர் அற்புதமான பொருள். பயந்த குழந்தைகூட அதைத் தொட்டுவிடும், ஏனென்றால் அது நகராது. முழுச் சட்டையாக இருந்தால் தலைப் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டுங்கள். கண் இருந்த இடத்தில் சின்ன வட்டக் கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கும். பாம்புக்கு இமை இல்லை, கண்ணின் மேல் தெளிவான ஒரு செதில்தான் மூடியிருக்கும், சட்டையோடு அதுவும் கழன்று வந்துவிடும் என்று சொன்னதும் எல்லாரும் தங்கள் கண்ணை ஒருமுறை சிமிட்டிப் பார்ப்பார்கள். முதுகுப் பக்கச் செதில்கள் சிறு சிறு கட்டங்களாகவும், வயிற்றுப் பக்கம் அகலமான பட்டைகளாகவும் இருப்பதைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டைகளைத் தரையில் பிடித்துத்தான் பாம்பு நகர்கிறது. சட்டை உரியும்போது விரிந்து நீளுவதால் பாம்பைவிட அதன் சட்டை நீளமாக இருக்கும். ‘அப்போ இவ்வளவு பெரிய பாம்பா?’ என்று கேட்கும் குழந்தைக்கு இது பெரிய ஆறுதல்.

அப்புறம் எல்லாரையும் தங்கள் முதுகெலும்பைத் தடவச் சொல்லுங்கள். நமக்கு ஒட்டியவற்றையும் சேர்த்து 33 முள்ளெலும்புகள். பாம்புக்கு இனத்தைப் பொறுத்து 200 முதல் 400 வரை. அதனால்தான் அது அப்படி வளைகிறது.

விதிகளை இப்போது சொல்லுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே இருப்போம். மெதுவாகப் பேசுவோம். ‘வேண்டாம்’ என்று யார் சொன்னாலும் அது வேண்டாம்தான். இந்த மூன்றாவது விதி குழந்தைக்கு மட்டுமல்ல, பாம்புக்கும் உண்டு என்று அழுத்திச் சொல்லுங்கள். பாம்பு எப்படி ‘வேண்டாம்’ சொல்லும்? கழுத்தை எஸ் எழுத்துப்போல் பின்னுக்கு மடக்கும். சீறும். பந்தாகச் சுருளும். தொட்ட இடத்தை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். இந்தப் பட்டியலைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டால், பாம்பைக் கண்காணிக்க உங்களுக்கு இருபது ஜோடிக் கண்கள் கிடைக்கும். ‘அண்ணா, அது கழுத்தை மடக்குது’ என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அவர்களாகத்தான் இருக்கும்.

படிப்படியாகக் காட்டுவது

முதலில் ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் பாம்பு, தூரத்தில். அடுத்து அதே பெட்டி கொஞ்சம் அருகில். அடுத்து உங்கள் கையில், நீங்கள் நின்ற இடத்திலேயே. பிறகு நீங்கள் மெதுவாக நடந்து ஒவ்வொரு குழந்தையின் முன்னும் ஓரடி தள்ளி நிற்பது. தொடுதல் இதற்கெல்லாம் பிறகுதான். 1969-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா பாம்பைக் கண்டாலே நடுங்கும் மனிதர்களிடம் இந்த முறையைச் சோதித்தார். துணைக்கு ஒருவர் கூடவே இருந்து, தானே செய்து காட்டி, சின்னச் சின்னப் படியாக நெருங்க வைக்கும்போது பயம் வேகமாகக் குறைந்தது. அவசரப்படுத்தாததுதான் அதில் முக்கியம்.

ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடமாவது சும்மா இருங்கள். பேசாமல். புதிதாக வருபவர்களுக்கு இது ரொம்பச் சிரமம், மௌனம் வந்தாலே எதையாவது சொல்லி நிரப்பிவிடத் தோன்றும். விடுங்கள், அவர்கள் பார்க்கட்டும். நாக்கு வெளியே வந்து மேலும் கீழும் அசைந்து உள்ளே போவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ‘அது ஏன் நாக்கை நீட்டுது?’ என்ற கேள்வி அவர்களிடமிருந்து வந்தபிறகு பதில் சொல்லுங்கள்: காற்றில் உள்ள வாசனைத் துகள்களை நாக்கு அள்ளிக்கொண்டு போய், வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. நாக்கு பிளந்திருப்பதால் வாசனை இடப் பக்கம் அதிகமா வலப் பக்கம் அதிகமா என்று அதற்குத் தெரியும்.

தொடும் நேரம்

பாம்பின் முன்பாதி உங்கள் கையில், உங்கள் உடலை ஒட்டி. தலை எப்போதும் குழந்தைக்கு எதிர்ப் பக்கம் பார்க்கட்டும். குழந்தைக்கு வருவது நடு உடம்பு மட்டும். வாலும் வேண்டாம், பல பாம்புகளுக்கு வாலைத் தொட்டால் கூச்சம். தலைக்கு மேலே கை வருவது பருந்து இறங்குவதைப் போலத்தான் பாம்புக்கு இருக்கும், அதனால் கை பக்கவாட்டிலிருந்து வரட்டும்.

இரண்டு விரல் என்பது என் விதி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து நீட்டி, தலையிலிருந்து வால் பக்கமாக ஒரு தடவல். எதிர்த் திசையில் தடவினால் செதில் தூக்கும், பாம்புக்குப் பிடிக்காது. இரண்டு விரலால் எதையும் பிடித்துக் கசக்க முடியாது என்பதுதான் இதன் சூட்சுமம். தொடும் முன் எல்லாரும் கை கழுவியிருக்க வேண்டும். வீட்டில் எலி, முயல் வளர்க்கும் குழந்தையின் கை பாம்புக்குச் சாப்பாடு மணக்கும்.

‘தொடுறியா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டிய கட்டாயம் ஒளிந்திருக்கிறது. ‘பார்க்கிறியா, தொடுறியா, அடுத்த ஆளுக்குப் போகட்டுமா?’ என்று மூன்றையும் ஒரே குரலில் கேளுங்கள். எல்லாக் குழந்தைக்கும் அதே கேள்வி, அதே குரல். தொட்டவர்களுக்குக் கைதட்டல் வேண்டாம். கைதட்டினால் தொடாதவர்கள் தோற்றுப் போனவர்கள் ஆகிவிடுவார்கள்.

பாம்பைக் குழந்தையின் கையில் கொடுப்பது? பத்து வயதுக்கு மேல், நீங்களும் கூடவே தாங்கிக்கொண்டிருந்தால், பாம்பு நிதானமாக இருந்தால், சரி. கழுத்தில் மாலையாகப் போடுவது எந்த வயதிலும் கூடாது. நசுக்கி இரை கொல்லும் இனத்தைக் கழுத்தில் போடுவது எவ்வளவு சின்னப் பாம்பாக இருந்தாலும் கெட்ட பழக்கம். அந்தப் படத்தைப் பார்த்த இன்னொரு குழந்தை வேறு ஏதோ பாம்பை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் கூடும். பெற்றோர் அந்தப் படத்துக்காகக் கெஞ்சுவார்கள். பாம்பு உங்கள் கையில், குழந்தை பக்கத்தில் என்ற படமும் அழகாகத்தான் இருக்கும்.

பயந்த குழந்தையும் பயமே இல்லாத குழந்தையும்

பயந்த குழந்தைக்குத் தேவை ஒரு வேலை. சமாதானப் பேச்சு பெரும்பாலும் உதவாது. ஒரு நிகழ்ச்சியில் ஒரு சிறுமி அறைக்குள் வரவே மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் பாம்பு எத்தனை தடவை நாக்கை நீட்டுகிறது என்று அங்கிருந்தே எண்ணிச் சொல்ல முடியுமா என்று கேட்டோம். எண்ணினாள். தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்று அவளாகவே இரண்டு எட்டு உள்ளே வந்தாள். கடைசிவரை தொடவில்லை. ஆனால் பாம்பு புதிய இடத்தில் நாக்கை அடிக்கடி நீட்டுகிறது, கொஞ்ச நேரம் போனால் குறைத்துக்கொள்கிறது என்று மற்ற எல்லாருக்கும் விளக்கியவள் அவள்தான். அந்த நிகழ்ச்சியில் அதிகம் கற்றுக்கொண்டு போனது யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன்.

அழுகை, நடுக்கம், மூச்சு வாங்குதல் என்று போனால் உடனே தெரிந்த பெரியவரோடு வெளியே அனுப்புங்கள். பயத்துக்கு வைத்தியம் பார்ப்பது உங்கள் வேலை இல்லை. அதற்கான ஆட்கள் வேறு.

எனக்கு உள்ளூர உதறுவது துளியும் பயமில்லாத குழந்தையைப் பார்த்தால்தான். அரைமணி நேரத்தில் ‘பாம்பு நல்லது, கடிக்காது’ என்று ஒரே வரியில் முடிவு கட்டிவிட்டுப் போகும். நாளைக்குப் புல்லில் பார்க்கும் பாம்புக்கு இரண்டு விரலை நீட்டும். நிகழ்ச்சியில் ஏதேனும் ஒரு பகுதியை நேரமில்லாமல் வெட்ட வேண்டி வந்தால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அடுத்து வருவதை வெட்டாதீர்கள்.

வெளியே பாம்பைப் பார்த்தால்

‘நில். பின்னால் போ. பெரியவரிடம் சொல்.’ இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, செய்ய வைக்க வேண்டும். ரப்பர் பாம்பு ஒன்றை அறையின் மூலையில் போட்டுவிட்டு ஒவ்வொருவரையும் நடந்து வரச் சொல்லுங்கள். கண்ணில் பட்டதும் உறைந்து நிற்க வேண்டும், கண்ணை எடுக்காமல் மெல்லப் பின்னால் போக வேண்டும், பெரியவரைக் கூப்பிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இது விளையாட்டு, சிரித்துச் சிரித்துச் செய்வார்கள். செய்யட்டும்.

இதோடு சேர்த்துச் சில விஷயங்கள். செத்த பாம்பையும் தொடக் கூடாது, செத்த பிறகும் சிறிது நேரம் தலை அனிச்சையாகக் கடிக்கும். கல்லெறியவோ குச்சியால் குத்தவோ கூடாது, பாம்புக்கடி இப்படித்தான் பல நேரம் வாங்கப்படுகிறது. புற்று, பொந்து, விறகுக் குவியலுக்குள் கையை விடக் கூடாது.

எது விஷப் பாம்பு என்று அடையாளம் கண்டுபிடிக்கச் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தலை முக்கோணமாக இருந்தால் விஷம், வட்டமாக இருந்தால் இல்லை என்பது போன்ற பாடங்கள் பொய்த்துப் போகும். விஷமில்லாத பாம்புகளில் பல பயந்தால் தலையை அகட்டி முக்கோணமாக்கும். நாகமும் கட்டுவிரியனும் முக்கோணத் தலை இல்லாமலேயே ஆளைக் கொல்லும். குழந்தைக்கு ஒரே விதி: வெளியில் இருக்கும் எந்தப் பாம்பும் தொடக் கூடாத பாம்பு.

பெரிய பிள்ளைகள் என்றால் எண்களைச் சொல்லலாம். உலகில் 4,000-ஐ ஒட்டிய பாம்பினங்களில் சுமார் 600 விஷமுள்ளவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி ஆண்டுதோறும் சுமார் 54 லட்சம் பேர் பாம்புக்கடி வாங்குகிறார்கள், 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். பயமுறுத்த இதைச் சொல்ல வேண்டாம். கடிபட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை ஒட்டவைப்பதற்காகச் சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

கேட்பார்கள், தயாராக இருங்கள்

‘கடிக்குமா?’ என்பதற்கு ‘கடிக்காது’ என்று சொல்லாதீர்கள். வாய் உள்ளது கடிக்கலாம், இதுவரை கடிக்கத் தோன்றாத மாதிரி நாம் நடந்துகொள்கிறோம் என்பதுதான் உண்மை.

‘காது கேட்குமா?’ வெளிக்காது இல்லை, செவிப்பறை இல்லை. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உள்காதுக்குக் கடத்தும். காற்றில் வரும் ஒலி பாம்புக்குக் கேட்காது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2023-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாம்புகளுக்கு ஒலியைப் போட்டுப் பார்த்தபோது காற்றில் வரும் ஒலிக்கும் அவை நகர்ந்தும் விலகியும் எதிர்வினை காட்டின.

‘உங்களை அதுக்குப் பிடிக்குமா?’ கேட்பவரின் கண்ணைப் பார்த்தால் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடத் தோன்றும். உங்கள் வாசனை அதற்குப் பழக்கம், உங்கள் கை சூடாக இருக்கிறது, உங்களால் அதற்கு ஆபத்து இல்லை. அவ்வளவுதான், அதுவே போதும் என்று சொல்லுங்கள்.

‘எவ்வளவு நாள் வாழும்?’ கார்ன் ஸ்நேக் நன்றாகப் பராமரித்தால் 15, 20 ஆண்டு. பால் பைதானுக்கு ஒரு நல்ல கதை உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் குறைந்தது 62 வயதான பால் பைதான் ஒன்று 2020-ல் முட்டையிட்டது, அதுவும் பல வருடங்களாக ஆண் பாம்பே பக்கத்தில் இல்லாமல். ‘எங்க பாட்டி வயசு!’ என்று யாராவது கத்துவது நிச்சயம்.

தெரியாததைக் கேட்டால் ‘தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, பிறகு டீச்சர் மூலமாகப் பதிலை அனுப்புங்கள்.

முடித்த பிறகு

தொட்டவர், தொடாதவர், சட்டையைப் பிடித்தவர் எல்லாரும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவ வேண்டும். கழுவாமல் கண், வாய் தொடக் கூடாது, தின்பண்டம் கூடாது. இதை நிகழ்ச்சியின் பகுதியாகவே வையுங்கள், மணி அடித்ததும் ஓடிவிடும் நேரத்தில் அல்ல. குழாய் இல்லாத இடமென்றால் கிருமிநாசினித் திரவத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்திவிட்டு, தண்ணீர் கிடைத்ததும் கழுவச் சொல்லுங்கள்.

பாம்பு யாரையாவது கடித்துவிட்டால், முதல் வேலை உங்கள் குரலை மாற்றாமல் இருப்பது. பெரும்பாலும் பட்டதும் விட்டுவிடும். கவ்விக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் தோலைக் கிழிக்கும், பல்லும் உடைந்து உள்ளே தங்கும். உடலைத் தாங்கிப் பிடித்து, வாயின் மேல் குளிர்ந்த தண்ணீரை விட்டால் விட்டுவிடும். புண்ணைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி விவரம் பார்த்து, சிறிய கீறலாக இருந்தாலும் பெற்றோருக்கு அன்றே சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பாம்பு அன்றைக்கு மறுபடி வெளியே வரக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பாம்பை அதன் கூட்டில் விட்டுவிட்டுத் தனியாக விடுங்கள். அன்றே இரை போடாதீர்கள், பரபரப்பில் தின்றதைக் கக்கும். பையைத் துவைத்து, பெட்டியைக் கிருமிநாசினியால் கழுவி வெயிலில் காய வையுங்கள். அடுத்த சில நாட்கள் அது வழக்கம்போல இரை எடுக்கிறதா, ஒளிந்தே கிடக்கிறதா என்று கவனியுங்கள். ஒளிந்தே கிடந்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு மற்றதைக் கொண்டு போங்கள்.

டீச்சரிடம் ஒரு வேண்டுகோள் விட்டுவிட்டு வாருங்கள்: ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், ‘வழியில் பாம்பைப் பார்த்தால் என்ன செய்வாய்?’ என்று ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ‘தொட்டுப் பார்ப்பேன்’ என்று ஒருவர் சொன்னாலும், பாம்பு இல்லாமல் ரப்பர் பாம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை அந்த வகுப்புக்குப் போய் வாருங்கள்.